எந்த எண்ணுக்கு எந்த வரைபு? மலையகக் கணக்குகளோடு ஒரு முழுமையான வழிகாட்டி

எக்செலில் எண்களைத் தெரிவு செய்து 'இன்சேர்ட்' பக்கம் போனால் விதவிதமான வரைபுகள் வரிசை கட்டி நிற்கும். அதில் கண்ணுக்குப் பிடித்ததை அமத்திவிடுவதுதான் நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வழக்கம். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு வட்டம், நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கைக்கு முப்பரிமாணச் சலாகை, முன்னேற்றக் கூட்டத்துக்கு ஏழு நிறக் கோடுகள். பார்க்கிறவர்களும் தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் என்ன விளங்கியது என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பக்கம் போவதற்கு முன் செய்ய வேண்டியவற்றையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணங்கள் தேயிலை, மழை, சம்பளம், பரீட்சை என்று நமக்குப் பழகிய கணக்குகள். 'வைத்துக்கொள்வோம்' என்று வரும் இடங்களில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை.

படி 1: சொல்லப்போவதை ஒரு வசனமாக எழுதுங்கள்

கடதாசியில், கையால், ஒரே வசனம். 'தேயிலை உற்பத்தி பற்றிய தரவுகள்' என்பது தலைப்பு மட்டும்தான். '2022இல் தேயிலை உற்பத்தி முந்திய ஆண்டைவிடக் குறைந்தது' என்பது வசனம். எழுத வரவில்லை என்றால் எண்களை இன்னும் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்க்க வேண்டும். வரைபுக்கு அவசரப்படத் தேவையில்லை.

வசனம் கைக்கு வந்துவிட்டால் தெரிவில் பாதி முடிந்த மாதிரி. எந்த வரைபு என்ற அடையாளம் அதற்குள்ளேயே கிடக்கும். 'இதைவிட அது' என்று வந்தால் ஒப்பீடு, அதற்குச் சலாகை. 'வரவர', 'அதற்குப் பிறகு' என்று காலம் ஓடினால் கோடு. 'பாதி', 'கால்வாசி', 'பெரும்பங்கு' என்றால் பங்கைக் காட்டும் வரைபு. 'பெரும்பாலானோர் இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில்' என்றால் பரவல், அதற்கு வலையுரு வரையம், அதாவது எந்த இடைவெளியில் எத்தனை பேர் என்று ஒட்டிய நிரல்களாகக் காட்டுவது. 'கூடக் கூட', 'ஏற ஏற' என்றால் சிதறல் வரைபு. 'எந்தப் பக்கம்' என்றால் தேசப்படம்.

ஒரு தோட்டத்துச் செக்ரோலை (யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கொழுந்து பறித்தார் என்ற நாட்பதிவுப் புத்தகத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். 'மேல் டிவிசனில் கீழ் டிவிசனைவிடக் கூடக் கொழுந்து' என்பதற்குச் சலாகை வேண்டும். 'மழை விழத் தொடங்கியதிலிருந்து கொழுந்து ஏறிக்கொண்டே போகிறது' என்பதற்குக் கோடு. 'பாதிப் பேருக்கு அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழுந்தது' என்பதை இந்த இரண்டாலும் காட்டவே முடியாது. மூன்று வசனமும் வருவது ஒரே புத்தகத்திலிருந்து. ஆகவே 'இந்தத் தரவுக்கு எந்த வரைபு?' என்று கேட்பதில் பயனில்லை. வசனத்தைச் சொன்னால்தான் பதில் உண்டு.

சலாகை வரைபு பிறந்த கதையும் இதுதான். வில்லியம் பிளேஃபெயர் 1786இல் வெளியிட்ட வர்த்தக வரைபுத் தொகுப்பில் கிட்டத்தட்ட எல்லாமே ஆண்டுகளூடாக ஓடும் கோடுகள். ஸ்கொட்லாந்துக்கு மட்டும் அவரிடம் ஓர் ஆண்டுக் கணக்குத்தான் இருந்தது. ஓர் ஆண்டை வைத்துக்கொண்டு கோடு இழுப்பது எப்படி? எந்த நாட்டோடு எவ்வளவு வியாபாரம் என்று சலாகைகளாக அடுக்கிவிட்டார். காலத்தைக் காட்டும் வரைபுகளைவிட இது பயன் குறைந்தது என்று அவரே அதில் எழுதியும் வைத்தார். இன்று உலகம் முழுவதும் அதிகம் புழங்குவது அந்தச் சலாகைதான்.

படி 2: கையில் இருப்பது எந்த வகை எண்?

இதில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை. தரவு நான்கு வகையில் ஒன்றாக இருக்கும்: வெறும் பெயர் (தோட்டம், பாடசாலை, பயிர்), வரிசையுள்ள பெயர் (சாதாரண தரப் பெறுபேற்றின் ஏ, பி, சி, எஸ், டபிள்யூ), அளவு (கிலோ, ரூபா, மில்லிமீற்றர்), திகதி.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகையில். வெறும் பெயர்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது நல்ல பழக்கம். வாசிக்கிறவர் தேடாமல் கண்டுகொள்வார். ஆனால் ஏ, பி, சி என்பதை அப்படி அடுக்கினால் முதலில் எஸ், அடுத்தது டபிள்யூ, பிறகு ஏ என்று வந்து நிற்கும். வரிசையுள்ள பெயருக்கு அதன் வரிசையே வரிசை. மாதங்களுக்கும் அப்படித்தான். மென்பொருள் ஏப்ரல், ஒக்டோபர், ஓகஸ்ட் என்று எழுத்து ஒழுங்கில் போட்டுவிட்டதைக் கவனிக்காமல் விட்ட அறிக்கைகள் எத்தனையோ.

படி 3: ஒப்பிட வேண்டுமானால் சலாகை

சலாகையின் பலம் அதன் நீளம். 1984இல் புள்ளிவிபரவியலாளர்களான வில்லியம் கிளீவ்லண்ட், றொபேட் மக்கில் இருவரும் மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அச்சில் இருக்கும் புள்ளிகளின் இடத்தை நாம் மிகத் துல்லியமாக வாசிக்கிறோம். நீளம் அதற்கு அடுத்தபடி. கோணம் அதற்கும் கீழே, பரப்பளவு இன்னும் கீழே. எதைத் தெரிவு செய்வது என்று தடுமாறும்போதெல்லாம் இந்த இறங்குவரிசை உதவும்: மேலே உள்ளதால் காட்ட முடிந்ததைக் கீழே உள்ளதால் காட்டாதீர்கள்.

நீளத்தை வைத்துக் கதை சொல்வதால், சலாகையின் அச்சு பூச்சியத்தில் தொடங்கியே ஆக வேண்டும். இலங்கையின் தேயிலை உற்பத்தி 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோ, 2022இல் சுமார் 251, 2023இல் சுமார் 256. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததும், அதன் அடி அடுத்த ஆண்டுக் கொழுந்தில் தெரிந்ததும் நம் பக்கம் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 299க்கும் 251க்கும் இடையே வீழ்ச்சி ஏறத்தாழ 16 வீதம். இனி அச்சை 240இலிருந்து தொடங்குங்கள். முதல் சலாகை 59 அலகு உயரம், இரண்டாவது 11, மூன்றாவது 16. பார்க்கிறவர் கண்ணுக்கு உற்பத்தி ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்து, அடுத்த ஆண்டே ஏறத்தாழ ஒன்றரை மடங்காக எழும்பியது போலத் தெரியும். நடந்ததோ 2 வீத ஏற்றம். எண் ஒன்றுகூடப் பொய் இல்லை, படம் முழுக்கப் பொய்.

இதை யாரும் வேண்டுமென்றே செய்வதாக நினைக்க வேண்டாம். எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே பூச்சியத்தை விட்டுவிட்டு மேலிருந்து தொடங்கிவிடும். அச்சின் மேல் இரட்டைக் கிளிக் செய்து, 'மினிமம்' பெட்டியில் 0 என்று நீங்களே எழுதுங்கள். அப்படிச் செய்ததும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை என்றால், அது உண்மையிலேயே சின்ன வித்தியாசம்.

சலாகையைப் படுக்கப் போடுவதும் நமக்கு ரொம்ப உதவும். தலவாக்கலை, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, கினிகத்தேனை என்று நம் ஊர்ப் பெயர்கள் நீளமானவை. நின்ற சலாகைக்குக் கீழே எழுதினால் மென்பொருள் அவற்றைச் சரித்துவிடும். வாசிக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். படுத்த சலாகையில் பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும்.

முப்பரிமாணம் வேண்டாம். பின்னால் நிற்கும் சலாகை சிறியதாகத் தெரியும், அதன் உச்சி எந்த எண்ணில் முட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சலாகைக்குப் பதிலாகக் கொழுந்துக் கூடைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் அதே கோளாறுதான். உற்பத்தி இரண்டு மடங்கானதைக் காட்ட உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் கூடவே வளரும். பரப்பு நான்கு மடங்காகிவிடும். படம் வேண்டுமென்றால் ஒரே அளவுக் கூடைகளை வரிசையாக அடுக்குங்கள், கூடை ஒன்றுக்கு இத்தனை கிலோ என்று எழுதிவிடுங்கள்.

படி 4: காலம் ஓடினால் கோடு, ஆனால் எல்லாக் காலத்துக்கும் அல்ல

கோடு இரண்டு புள்ளிகளை இணைக்கும்போது ஒரு வாக்குறுதி தருகிறது: இடையிலும் இப்படித்தான் இருந்தது என்று. வெப்பநிலைக்கும் மாதாந்த மரக்கறி விலைக்கும் அந்த வாக்குறுதி ஏறக்குறைய சரி. லீக்ஸ் விலை மார்ச்சில் ஓர் இடத்திலும் ஏப்ரலில் இன்னோர் இடத்திலும் இருந்தால் இடையில் அது பயணப்பட்டுத்தான் வந்திருக்கும். கோட்டு வரைபின் அச்சு பூச்சியத்தில் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஏனென்றால் இங்கே கண் அளப்பது சரிவை.

வாக்குறுதி உடையும் இடம் சம்பளம். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. இந்த இரண்டு புள்ளியையும் சாதாரணக் கோட்டு வரைபில் போட்டால் நடுவே அழகான ஏறுகோடு ஒன்று விழும். 2022 செப்டெம்பருக்கு நேராக அந்தக் கோட்டில் கை வைத்துப் பாருங்கள்: 1150 ரூபா என்று காட்டும். அந்த மாதம் யாருக்கும் 1150 ஆகவில்லை, அதே 1000தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்ட மாதமும் அதுதான். அரிசி, மா, பஸ் கட்டணம் எல்லாம் ஏறி, சம்பளம் அசையாமல் நின்ற காலத்தை, அந்தச் சாய்கோடு ஒன்றும் நடக்காதது போலத் தடவிவிட்டுப் போகிறது.

இப்படி ஒருநாள் மாறி, பிறகு அசையாமல் நிற்கும் எதற்கும் படிக்கோட்டு வரைபுதான் சரி: சம்பளம், பஸ் கட்டணம், மின்கட்டண வீதம், வங்கி வட்டி. எக்செலில் இதற்கென்று தனி வரைபு இல்லை. ஒவ்வொரு மாற்றத் திகதிக்கும் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றில் பழைய தொகை, அடுத்ததில் அதே திகதிக்குப் புதிய தொகை. 2024 செப்டெம்பருக்கு 1000 என்று ஒரு வரி, அதே செப்டெம்பருக்கு 1350 என்று இன்னொரு வரி. பிறகு சிதறல் வரைபில் 'நேர்கோட்டால் இணைத்த' வகையைத் தெரிவு செய்யுங்கள். கோடு தட்டையாகப் போய், செப்டெம்பரில் செங்குத்தாக ஏறும். இன்னொன்று: அடிப்படைச் சம்பளத்தை எடுக்கிறீர்களா, கொடுப்பனவுகளைச் சேர்த்ததை எடுக்கிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். பழைய ஆண்டுகளுக்கு அடிப்படையும் புதிய ஆண்டுகளுக்கு மொத்தமும் போட்டால் யாருக்குச் சாதகமாக வேண்டுமானாலும் கோட்டை வளைக்கலாம். வளைத்தும் இருக்கிறார்கள்.

சம்பளத்தையும் விலைவாசியையும் ஒரே படத்தில் போட ஆசை வரும். இடப்பக்கம் ரூபா, வலப்பக்கம் சுட்டெண் என்று இரண்டு அச்சுப் போட்டால், எந்தக் கோடு எதைத் தாண்டுகிறது என்பதைத் தீர்மானிப்பது அச்சின் எல்லையை அமைத்தவர்தான். அதற்குப் பதிலாக இரண்டையும் ஒரே மாதத்தில் 100 என்று வைத்துத் தொடங்குங்கள். 2021 மார்ச் 100 என்றால் 2024 செப்டெம்பரில் சம்பளம் 135. ஒவ்வொரு மாத விலைச் சுட்டெண்ணையும் 2021 மார்ச் சுட்டெண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். இப்போது ஒரே அச்சு, நேர்மையான போட்டி.

கோடுகள் நான்குக்கு மேல் போனால் படம் சிக்கிக்கொள்ளும். பன்னிரண்டு மரக்கறியின் விலையையும் ஒரே சட்டத்துக்குள் திணிக்காமல், ஒரே அச்சு அளவோடு பன்னிரண்டு சின்னப் படங்களாகப் பக்கத்தில் அடுக்குங்கள். கரட் ஏறும்போது கோவா என்ன செய்தது என்பது உடனே தெரியும்.

மழைக்குத் தனியாகக் கொஞ்சம்

மழை காலத்தோடு ஓடும் தரவுதான், ஆனாலும் நாள் மழையைக் கோட்டால் காட்டுவதில்லை. திங்கட்கிழமை 40 மில்லிமீற்றர், செவ்வாய் 0 என்றால் இடையே 20 என்று ஒரு நிலை கிடையாது. ஒவ்வொரு நாளும் தனித்தனியாகச் சேர்ந்த அளவு. எனவே சலாகை. வெப்பநிலைக்குக் கோடு, மழைக்குச் சலாகை என்று காலநிலைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

நம் சரிவுகளில் இந்தப் படம் உயிரோடு சம்பந்தப்பட்டது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் லயங்கள் புதைந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் மழை எல்லைகள் 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர். முதலாவதில் விழிப்பாக இருக்க வேண்டும், இரண்டாவதில் தயாராக வேண்டும், மூன்றாவதில் இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். மழைமானி வைத்திருக்கும் பாடசாலையோ சங்கமோ நாள் மழையைச் சலாகையாகப் போட்டு, மூன்று கிடைக்கோடுகளையும் மேலே இழுத்துவிட்டால் போதும். எக்செலில் பக்கத்து மூன்று நிரல்களில் 75, 100, 150 என்று கீழ்வரை நிரப்பி, அவற்றை மட்டும் கோடாக மாற்றுங்கள்.

ஆனால் அங்கே ஒரு பொறி உண்டு. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் காலை 8.30இல் தொடங்கி மறுநாள் 8.30இல் முடிகிறது. நடுச்சாமத்தில் தொடங்கி மத்தியானம் வரை மழை கொட்டியது, 8.30 வரை 85 மில்லிமீற்றர், அதற்குப் பிறகு 75 என்று வைத்துக்கொள்வோம். நாள் சலாகையில் 85, 75 என்று இரண்டு நடுத்தரச் சலாகைகள். இரண்டும் 100ஐத் தொடவில்லை. உண்மையில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் 160 விழுந்துவிட்டது, வெளியேற வேண்டிய எல்லையையும் தாண்டி. ஆகவே எச்சரிக்கைக்கான படம் என்றால் மணித்தியால அளவுகளை எடுத்து, ஒவ்வொரு மணிக்கும் அதற்கு முந்திய 24 மணித்தியாலத்தின் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு, அதைக் கோடாகப் போடுங்கள். இங்கே கோடு சரி, ஏனென்றால் அந்தக் கூட்டுத்தொகை எந்த நேரத்திலும் இருக்கும் ஒரு நிலை. 'கடந்த மாதம் எத்தனை நாள் நல்ல மழை' என்பதற்கு நாள் சலாகை. 'இப்போது ஆபத்தா' என்பதற்கு இந்தக் கோடு. மழைமானி ஒன்று, கேள்வி இரண்டு.

படி 5: பங்கு கேட்டால் வட்டம், அதுவும் அளவோடு

வட்ட வரைபைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இரண்டு மூன்று துண்டுகள், அதில் ஒன்று பாதியைத் தாண்டியது என்று சொல்ல வேண்டும் என்றால் வட்டத்தை வெல்ல ஒன்றும் இல்லை. இலங்கைத் தேயிலையை 600 மீற்றருக்குக் கீழே தாழ்நிலம், 600 முதல் 1200 வரை இடைநிலம், அதற்கு மேல் உயர்நிலம் என்று பிரிப்பார்கள். மலையகத்தில் இருந்துகொண்டு நம்பக் கஷ்டமாக இருந்தாலும், நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 60 வீதம் தாழ்நிலத்தில்தான். அந்த ஒரே செய்திக்கு மூன்று துண்டு வட்டம் அழகாகப் பொருந்தும்.

நான்காவது துண்டிலிருந்து தடுமாற்றம் தொடங்கும். 22 வீதமா 25 வீதமா என்று கோணத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே எண்களை எழுதிச் சமாளித்தால், வாசிப்பவர் எண்ணைத்தான் வாசிக்கிறார். வட்டம் சும்மா இருக்கிறது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட இரண்டு வட்டங்களைப் பக்கத்தில் வைப்பது இன்னும் மோசம்.

அந்த இடத்தில் நூறு வீதத்துக்கு அடுக்கிய சலாகை கைகொடுக்கும். ஐந்து பாடசாலைகளின் சாதாரண தரக் கணிதப் பெறுபேறு என்று வைத்துக்கொள்வோம். பாடசாலைக்கு ஒரு படுத்த சலாகை, ஏ ஒரு முனையில், டபிள்யூ மறுமுனையில். இரண்டு முனையும் நேர்கோட்டில் தொடங்குவதால் ஏ எங்கே கூட, டபிள்யூ எங்கே கூட என்பது நன்றாகத் தெரியும். நடுவில் உள்ள பி, சி, எஸ் மிதந்துகொண்டிருக்கும். அவற்றை ஒப்பிட வேண்டுமானால் வேறு படம் போட வேண்டும். பக்கத்தில் மொத்த மாணவர் தொகையையும் எழுதுங்கள். 12 பிள்ளைகள் தோற்றிய பாடசாலையின் 25 வீதம் மூன்று பிள்ளைகள். 120 பேர் தோற்றிய இடத்தில் முப்பது.

படி 6: சராசரியை நம்பாமல் பரவலைப் பாருங்கள்

நம் அறிக்கைகளில் மிகக் குறைவாகப் பயன்படும் வரைபு வலையுரு வரையம். மிக அதிகமாகத் தேவைப்படுவதும் அதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு தோட்டத்தில் ஒரு பேருக்கு (முழுநாள் சம்பளத்துக்கு) 18 கிலோ கொழுந்து வேண்டும், குறைந்தால் அரைப்பேர் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய சராசரி 18.4 கிலோ. அலுவலக அறிக்கையில் எல்லாம் நல்லபடி. அதே அன்று சிலர் 26, 28 கிலோ பறித்திருக்க, பாதிப் பெண்கள் 16, 17 கிலோவில் நின்றிருக்கலாம். சராசரி இதை வெளியே விடாது. சலாகை சராசரியைத்தான் வரையும். ஒவ்வொருவரின் நிறுவையையும் எடுத்து, எத்தனை கிலோவில் எத்தனை பேர் என்று வரைந்தால்தான் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நடந்தது தெரியும்.

அங்கேயும் வகுப்பாயிடையை எங்கே வெட்டுகிறோம் என்பது கவனம். 10–15, 15–20, 20–25 என்று ஐந்து ஐந்தாக வெட்டினால் 16 கிலோவும் 19 கிலோவும் ஒரே நிரலுக்குள் விழுந்துவிடும். ஒருவருக்கு அரைப்பேர், மற்றவருக்கு முழுப்பேர், படத்தில் இருவரும் ஒன்று. 12–15, 15–18, 18–21 என்று மூன்று மூன்றாக, 18இல் எல்லை விழும்படி வெட்டுங்கள். எல்லைக்கு இடப்பக்கம் எத்தனை பேர் குவிந்திருக்கிறார்கள் என்பது ஒரே பார்வையில் வரும். மென்பொருள் தானாகத் தரும் எல்லைகளுக்கு உங்கள் தோட்டத்து வழக்கம் தெரியாது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் புள்ளிகளுக்கும் இதே விதி: வெட்டுப்புள்ளியில் நிரலின் எல்லை விழ வேண்டும்.

வகுப்பில் முப்பது பிள்ளைகள்தான் என்றால் வலையுரு வரையம்கூட வேண்டாம். ஒரு கோட்டின் மேல் பிள்ளைக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். அல்லது பாடசாலைக் கணிதத்தில் படித்த தண்டு-இலை வரைபு. கணினியும் வேண்டாம், கரும்பலகை போதும், ஒவ்வொரு பிள்ளையின் புள்ளியும் அழியாமல் இருக்கும்.

பெட்டி வரைபு என்று ஒன்று உண்டு. 1970களில் புள்ளிவிபரவியலாளர் ஜோன் டூக்கி பரப்பியது. இடையத்தையும் (வரிசையின் நடு எண்) காலணைகளையும் (கால், முக்கால் இடத்து எண்கள்) ஒரு பெட்டிக்குள் அடக்கும். பத்துப் பதினைந்து பாடசாலைகளின் பரவலை ஒரே பக்கத்தில் ஒப்பிட இதைவிடச் சிக்கனமானது இல்லை. வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வேண்டாம்; பெட்டியை விளக்கவே அரை மணித்தியாலம் போய்விடும்.

படி 7: 'கூடக் கூட' என்றால் சிதறல்

கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 16. ஆயிரம் மீற்றருக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வீதம் குறையும். கிடை அச்சில் உயரம், நிலைக்குத்து அச்சில் வெப்பநிலை வைத்து, கொழும்பு, கண்டி, பதுளை, பண்டாரவளை, ஹட்டன், நுவரெலியா என்று புள்ளி வைத்தால் வலப்பக்கம் இறங்கும் வரிசை ஒன்று கிடைக்கும். எதனால் எது மாறுகிறது என்று நினைக்கிறீர்களோ, காரணம் கிடை அச்சில்.

தொடர்பைக் காட்ட இணைபுக் குணகம் என்ற ஓர் எண்ணை மட்டும் எழுதிவிடுகிறவர்கள் புள்ளிவிபரவியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் காட்டிய நான்கு சிறு தரவுத் தொகுதிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். நான்கிலும் சராசரி ஒன்று, இணைபும் ஒன்று, ஏறக்குறைய 0.82. வரைந்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் ஒரு புள்ளி மட்டும் வரிசையைவிட்டு விலகி நிற்கும், நான்காவதில் ஒரே புள்ளிதான் முழுத் தொடர்பையும் உண்டாக்கும். நம் உதாரணத்திலும் ஆறு புள்ளியை வைத்துக்கொண்டு பெரிய முடிவுக்குப் போக வேண்டாம்.

படி 8: தேசப்படம், உண்மையிலேயே இடம் முக்கியமானால் மட்டும்

மாவட்டங்களுக்கு நிறம் தீட்டிய படம் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கண் நிலத்தைத்தான் எண்ணும், ஆட்களை எண்ணாது. மொனராகலை மாவட்டம் 5639 சதுர கிலோமீற்றர், நுவரெலியா 1741. 2012 குடிசனக் கணக்கில் மொனராகலையில் சுமார் 4 இலட்சத்து 51 ஆயிரம் பேர், நுவரெலியாவில் சுமார் 7 இலட்சத்து 12 ஆயிரம். மூன்று மடங்கு நிலம், மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைந்த ஆட்கள். இரண்டுக்கும் ஒரே நிறம் தீட்டினால் மொனராகலைதான் பெரிதாகத் தெரியும். மொத்த எண்ணிக்கையை நிறத்தால் காட்டாமல், ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றித் தீட்டுங்கள். மொத்தம்தான் வேண்டுமென்றால் மாவட்டத்தின் மேல் வட்டங்களை வையுங்கள். மழை ஏன் வட்டவளைப் பக்கம் மே முதல் கொட்டுகிறது, ஊவாப் பக்கம் அப்போது ஏன் காய்ந்த காற்று என்பதைச் சொல்லத் தேசப்படம் அவசியம். நடுவில் நிற்கும் மலைத்தொடரைக் காட்டாமல் அதை விளக்க முடியாது. 'எந்த மாவட்டம் கூட' என்பதை மட்டும் சொல்லப் படுத்த சலாகையே போதும்.

படி 9: வெளியே அனுப்புமுன்

முதலாம் படியில் எழுதிய வசனத்தையே தலைப்பாகப் போடுங்கள். 'மாதாந்த மழைவீழ்ச்சி' என்பதைவிட 'மே முதல் மழை மேற்குச் சரிவில்தான்' என்ற தலைப்பு வாசிப்பவரின் வேலையைக் குறைக்கும். அலகு, ஆண்டு, தரவு எங்கிருந்து வந்தது ஆகிய மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். படத்தை மட்டும் வெட்டி வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், கீழே நீங்கள் எழுதிய விளக்கம் கூடப் போகாது.

நிறத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள். சொல்ல வந்த சலாகைக்கு ஓர் அழுத்த நிறம், மற்றவை சாம்பல். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கக்கூடும். தேர்தல் நெருங்கினால் பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் இங்கே சும்மா நிறங்களும் அல்ல. எந்தத் தோட்டத்துக்கு எந்த நிறம் தீட்டினீர்கள் என்று விளக்கம் கேட்பார்கள். பாடசாலைக்குப் போகும் பிரதி கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பியாகத்தான் போகும் என்பதால், ஒரு கொப்பி எடுத்து எல்லாம் ஒரே சாம்பலாகிவிட்டதா என்று பாருங்கள். கோடுகளுக்கு ஓரத்தில் விளக்கப் பெட்டி வைப்பதைவிட, கோட்டின் முனையிலேயே பெயரை எழுதினால் நிறம் போனாலும் பெயர் நிற்கும்.

எல்லாவற்றையும் வரைபாக்கவும் வேண்டாம். எண்கள் இரண்டுதான் என்றால் வசனத்தில் எழுதுங்கள். ஒவ்வொருவரும் தன் தோட்டத்தின் சரியான எண்ணைத் தேடி எடுக்கப் போகிறார்கள் என்றால் அட்டவணை கொடுங்கள்.

கடைசியாக எழுத்துரு. பாமினியில் தட்டச்சிய பெயர்களை வரைபில் ஒட்டினால் உங்கள் கணினியில் தமிழாகத் தெரியும், வலய அலுவலகத்துக் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பெயர்களை யுனிகோட்டில் எழுதி, படத்தைப் பீடிஎப் ஆக்கி, அனுப்புமுன் இன்னொருவரின் போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.